கடைசி வயரில் எழுதியது

"எல்லா வயர்லயும் பேர் ஒட்டிட்டா நீங்க கோயம்புத்தூர் போயிருவீய. அப்படித்தானே, டீச்சரம்மா?"

"ஆமா, அண்ணாச்சி. அங்கயும் ஒரு அரங்கம் கட்டுறாங்கள்லா."

பாளையங்கோட்டையில் புதிதாகக் கட்டிய கலையரங்கம் அது. ஒலி அறையின் தரையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையிலிருந்து சுவருக்குள்ளேயே ஓடிவந்த வயர்களெல்லாம் அங்கே வந்து முடிந்தன. எது எங்கிருந்து வருகிறது என்று லேபிள் ஒட்டுவதுதான் மிச்சம்.

சங்கரபாண்டியன் வயதில் மூத்தவர். ரேடியோ ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர். ஆனால் இந்த அரங்க வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜெசிந்தா. அதனால்தான் அவள் டீச்சரம்மா.

நாளைக்குத் திறப்பு விழா. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் அவர் தனியாக உட்கார வேண்டும். லேபிள் வேலை முடிந்தால் அவள் கிளம்பிவிடுவாள்.

ஆகவே மனுஷன் ஆமை வேகத்தில் ஒட்டினார். ஒட்டியதை உரித்தார். எழுத்து கோணலாக இருக்கிறதாம்.

"பிளக் பக்கத்துல ஒட்டாதீங்க. ஒரு சாண் தள்ளி ஒட்டுங்க."

"ஏன்?"

"பிளக் கெட்டுப்போனா வெட்டிட்டு வேற போடுவோம். பேர் மிஞ்சணும்லா."

மறுபடி உரித்தார். சந்தோஷமாகவே உரித்தார்.

"நாளைக்குப் பாட்டு நடுவுல சத்தம் நின்னுட்டா?"

"லேபிளைப் படிங்க."

"படிச்சும் புரியலைன்னா?"

"டீ ஆறுது, குடிங்க."

என்னதான் இழுத்தாலும் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசி வயரில் நின்றுவிட்டாள்.

அதில் அவர் எழுதியிருந்தார்: டீச்சரம்மாவைக் கேட்கவும்.

"இது என்ன, அண்ணாச்சி?"

"அது எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியல." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், பாவம்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. அந்த வயரை மிக்சரில் செருகிவிட்டு, ஒரு மைக்கையும் லேபிளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனாள்.

சங்கரபாண்டியன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேடையில் ஆளைக் காணோம்.

ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது.

"அண்ணாச்சி, கேக்குதா?"

"கேக்குது!"

"நான் எங்க நிக்கேன்?"

"வலது பக்கத் திரைக்குப் பின்னால! தூணுக்கு அடுத்த, மைக் மாட்டுற பெட்டி!"

கத்தி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஸ்பீக்கரில் அவள் சிரிப்பது கேட்டது.

"அப்ப அதையே எழுதுங்க."

அவர் பழைய லேபிளை உரித்தார். இந்த முறை மெதுவாக உரிக்கவில்லை. எழுதி, ஒரு சாண் தள்ளி ஒட்டிவிட்டு, மேடைக்கு இறங்கிப் போனார். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

திரைக்குப் பின்னால் குனிந்து அந்த வயரின் மறுமுனையைப் பார்த்தார். அங்கேயும் லேபிள் ஒட்டியிருந்தது. அவள் கையெழுத்து. முதல் வரியில், வயர் ஒலி அறைக்குப் போகிறது என்று இருந்தது.

இரண்டாவது வரி: சந்தேகம் இருந்தால் சங்கரபாண்டியன் அண்ணாச்சியைக் கேட்கவும்.