ஒரிஜினல் பிரேக்

கோயமுத்தூர் மில் முதலாளி சென்னியப்பர், தாத்தா ஓட்டிய ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்கக் கொடுத்தார். "ஒரு திருகாணி மாத்தினாலும் உன் பட்டறையை இழுத்து மூடிருவேன்" என்றார் மெக்கானிக் பொங்கியண்ணனிடம்.

"பிரேக் ட்யூப் வெடிப்பு விட்டிருக்குதுங்க."

"அது ஒரிஜினல். தொடாதே."

"சரிங்க."

வண்டி பளபளவென்று வந்தது. பூஜை முடிந்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். முதலாளி போன மாசம் வாங்கிய வெளிநாட்டுக் காரைப் பொங்கியண்ணன் கொண்டுவந்து, பத்தடி முன்னால் குறுக்கே நிறுத்தினார்.

"பழத்தை நசுக்கிட்டு பிரேக்கைப் போடுங்க. எல்லாம் ஒரிஜினலுங்க."

முதலாளி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். எதிரே நின்ற புதுக் காரைப் பார்த்தார். இறங்கிவிட்டார்.

"ட்யூபை மட்டும் மாத்திரு."

"போன வாரமே மாத்திட்டனுங்க. நீங்க சொல்றதுக்குத்தான் காத்திருந்தேன்."