டெஸ்மண்ட் சார் இங்கிலாந்தை ஆட்டிவைத்த கதை

வியாசர்பாடி செங்கதிர் கால்பந்துக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் கோச்சாக வருகிறவர் ஒரு சாயங்காலம் கோல்போஸ்ட் அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தான் ஆடிய ஆட்டங்களை டீம் முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும் வரை யார் வேண்டுமானாலும் குறுக்கே புகுந்து கேள்வி கேட்கலாம். முடித்ததும் தலைவர் ஏகாம்பரம் விசிலை அவர் கழுத்தில் மாட்டுவார். மாட்டிவிட்டால் அதோடு சரி, அப்புறம் கோச்சை எதிர்த்து ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அன்றைக்கு நாற்காலியில் இருந்தவர் டெஸ்மண்ட் சார். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, சின்ன வயதிலேயே கப்பலேறி, இங்கிலாந்தில் மிட்ஃபீல்டராக ஆடி, அங்கேயே கோச்சாகவும் கொடிகட்டிப் பறந்துவிட்டு வந்தவர். இதை அவரேதான் சொன்னார், வேறு யாரும் சொல்லவில்லை. ஏகாம்பரத்துக்கு அதுவே போதும். இங்கிலாந்து என்ற சொல் காதில் விழுந்ததிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சகாயமேரிக்கு வயிறு எரிந்தது. பெண்கள் அணியின் கேப்டன் அவள். பழைய கோச் துபாயில் வேலை கிடைத்துப் போன பிறகு, விடியற்காலையில் வீடுவீடாகப் போய் எல்லாரையும் எழுப்பி, ஓடவைத்து, திட்டி, கொஞ்சி, ஃபைனல் வரைக்கும் இழுத்து வந்தது அவள்தான். நாளைக்கு எண்ணூர் அணியோடு ஃபைனல். விசில் தன் கழுத்துக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தாள். இப்போது அது ஏகாம்பரம் கையில் இங்கிலாந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"மொத மேட்ச்சை சொல்றேன் கேளுங்க," என்று ஆரம்பித்தார் டெஸ்மண்ட் சார். "அன்னைக்கு அப்படி ஒரு பனிமூட்டம் மேன். கையை நீட்டினா, கை எங்க போச்சுன்னு தேடணும். எனக்குப் பந்து கெடச்சுது, ஓட்டினேன். ஒருத்தன், ரெண்டு பேரு, மொத்த டீமையும் தாண்டிட்டேன். கோல் மட்டும் வரவே இல்ல. என்னடான்னு பாத்தா, கிரவுண்டு கேட்டைத் தாண்டி மார்க்கெட்டுல ஓட்டிக்கிட்டிருக்கேன்!"

"ஐயையோ, அப்புறம்?" என்றார் ஏகாம்பரம்.

"கெடச்ச பந்தை விட முடியுமா? கால்லேயே வெச்சுக்கிட்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் பந்துக்கும் அரை டிக்கெட் கிழிச்சான். சுத்திக்கிட்டு வந்து, பின்பக்க கேட்டுல எறங்கி, நேரா கோல்ல போட்டேன். ஸ்டேடியமே எழுந்து நின்னுச்சு."

"பனியில கையே தெர்லன்னீங்க. ஸ்டேடியம் எழுந்தது மட்டும் எப்டி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் சகாயமேரி.

"எழுந்த சத்தம் கேட்டுச்சு மேன்."

கோல்கீப்பர் பவானி ஜெர்சியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். டெஸ்மண்ட் சார் அதையெல்லாம் கண்டுகொள்கிற ஆளா? வாயால் வடை சுடுகிறவருக்கு அடுப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கேட்க நாலு பேர் இருந்தால் போதும்.

"மிட்ஃபீல்டர்னா என்ன? பாஸ்! என் பாஸ் யாருக்குப் போகணுமோ அவனைத் தேடிக்கிட்டுப் போகும். ஒரு வாட்டி எங்க ஃபார்வர்டு காய்ச்சல்னு வீட்ல படுத்துட்டான். நான் பழக்கதோஷத்துல அவனுக்கே பாஸ் குடுத்துட்டேன். பந்து அவன் வீட்டு ஜன்னல் வழியா உள்ள போச்சு. அவன் படுத்தவாக்குலயே தலையால ஒரு முட்டு முட்டினான் பாரு, அப்படியே திரும்பி வந்து கோல்!"

"அவரு வூடு எங்க சார்?" என்றாள் சகாயமேரி.

"பக்கத்து ஊரு."

"கட்டில்ல படுத்துக்கினு இருந்தவரு ஆஃப்சைடு இல்லியா சார்?"

"ரெஃப்ரீயும் அதைத்தான் யோசிச்சாரு," என்றார் டெஸ்மண்ட் சார் கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "யோசிச்சு முடிக்கறதுக்குள்ள சீசனே முடிஞ்சுபோச்சு."

"இவ்ளோ ஆடினவரு ஏன் சார் ஆட்டத்தை உட்டீங்க?"

டெஸ்மண்ட் சார் முகம் வாடியது. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கப் ஃபைனல். முதல் பாதியில எதிரி கோலைப் பாத்து ஒசரமா ஒண்ணு அடிச்சேன். மேல போச்சு, போச்சு, போய்க்கிட்டே இருந்துச்சு. வேற பந்து வாங்கிப்போட்டு ஆடினோம். ஹாஃப்டைம் வந்துச்சு, டீ குடிச்சோம். ரெண்டாவது பாதியில டீமுங்க பக்கம் மாறுமா இல்லையா? அப்பத்தான் மேன் அது எறங்குச்சு. நான் எந்த கோலுக்கு அடிச்சேனோ கரெக்டா அதே கோல். ஆனா இப்போ அது எங்க கோல்! செல்ஃப் கோல் ஆகித் தோத்துட்டோம். மனசு விட்டுப்போயி அன்னைக்கே பூட்ஸைக் கழட்டிட்டேன்."

ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சகாயமேரிக்கே ஒரு நொடி பாவமாக இருந்தது. பாவப்பட்டதற்காக உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"அதோட கோச் ஆனேன்," என்று நிமிர்ந்தார் டெஸ்மண்ட் சார். "ஒரு மேட்ச்சுல ஹாஃப்டைம்ல பசங்களுக்குப் பேசிக்கிட்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எதிர் டீம் ரூம். என் பேச்சு சுவரைத் தாண்டிப் போயிருக்கு. அத்தனை பேரும் தேம்பி அழுதுக்கிட்டே வந்து, எங்களையும் சேத்துக்குங்க சார்னு நிக்கறாங்க. நம்ம ஜெர்சியையே குடுத்தேன். ரெஃப்ரீயும் ஒண்ணு கேட்டு வாங்கி மாட்டிக்கிட்டாரு. கிரவுண்டுல இருக்கறவன் பூரா நம்ம ஆளு!"

"அப்போ யாரத்தான் சார் தோக்கடிச்சீங்க?"

"யாரையும் தோக்கடிக்கல. அதுதான் மேன் பெரிய மனசுங்கறது."

கேட்டது போதும் என்று ஏகாம்பரம் விசிலோடு எழுந்தார். டெஸ்மண்ட் சார் கழுத்தை வாகாக நீட்டிக்கொண்டே சொன்னார்: "நாளைக்கு ஒரே ஒரு மாத்தம் செய்யணும். நடுவுல ஆடற இந்தப் பொண்ணு கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கு. மிட்ஃபீல்டருக்கு வாய் ஆகாது. இதை வெளியில உட்கார வெச்சுடுவோம்."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்கள். சகாயமேரிக்கு இத்தனை நேரம் கோபம்தான் இருந்தது, இப்போது பயம் வந்துவிட்டது. ஃபைனலில் அவள் வெளியே உட்காருவதா? ஏகாம்பரம் ஆட்சேபிப்பார் என்று பார்த்தாள். இங்கிலாந்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் தலையாட்டினார். விசில் கயிறு டெஸ்மண்ட் சாரின் தொப்பி வரை வந்துவிட்டது. இன்னும் ஒரு கேள்விக்குத்தான் நேரம்.

"சார், நாளிக்கி மேட்ச்சுல நாங்க இன்னா பண்ணணும்? அத்த மட்டும் சொல்லிடுங்க."

கேட்டவுடன் திணறுவார் என்றுதான் பவானி நினைத்தாள். டெஸ்மண்ட் சார் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினார்.

"ஒண்ணும் பண்ண வேணாம். என் டீம் கிரவுண்டுக்குப் போய் ஜெயிச்சதா சரித்திரமே கெடையாது. போறதுக்கு முன்னாடியே ஜெயிச்சுடும். நான் இந்த நாற்காலில உட்காந்தேன் பாரு, அந்த நிமிஷமே எண்ணூர் காலி. மூணு-பூஜ்யம். நாளைக்கு நீங்க போறது கப் வாங்கத்தான்."

ஏகாம்பரம் கைதட்டப் போனார், கையில் விசில் இருந்ததால் முடியவில்லை.

சகாயமேரி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "நெசமாவா சார்? மேட்ச்சு முடிஞ்சுபோச்சா?"

"முடிஞ்சுபோச்சு."

"சத்தியமா?"

"சத்தியமா மேன்!"

"தலைவரே, கேட்டுக்கினீங்களா? மேட்ச்சு முடிஞ்சுபோச்சாம். முடிஞ்ச மேட்ச்சுக்கு இன்னாத்துக்குக் கோச்சு?" என்று கையை நீட்டினாள்.

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். மேட்ச் முடியவில்லை என்றால் இங்கிலாந்து புளுகுகிறது என்று ஆகிவிடும். முடிந்தது என்றால் கோச்சுக்கு வேலை இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு விசிலை அவள் கையில் வைத்தார். பெண்கள் போட்ட கூச்சலில் ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அது அப்படி இல்ல மேன்," என்று பதறினார் டெஸ்மண்ட் சார். "ஜெயிச்ச டீமுக்கும் ஒரு கோச் வேணுமில்ல..."

"தோத்த டீமுக்குத்தான் சார் அவசரமா வேணும்," என்றாள் சகாயமேரி. "எண்ணூர் பஸ்ஸு எதிர் சைடுல நிக்கும்."