கவரில் பிடித்த காற்று

எங்கள் ஊர் பைபாஸில் வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் மூன்று பேரும் தங்கமான ஆட்கள் என்று ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் அவர்களோடு பேசுவதில்லை.

மூத்தவன் காளியண்ணன், அடுத்தவன் சென்னி, கடைசி அத்தியப்பன். கூடப்பிறந்தவர்கள். எதையும் மூன்று பேரும் கலந்து பேசித்தான் செய்வார்கள். அவசரப்படுகிற குணம் கிடையாது.

என்னிடம் இருப்பது கோழி எரு ஏற்றுகிற மினி லாரி. அன்றைக்கு என் தங்கச்சி பாவாயியின் மகளுக்குச் சீர் போகிற நாள். தாய்மாமன் நான் இருக்கும்போது சீர்ச்சாமான் என் வண்டியில்தான் போகவேண்டும். பாவாயி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பத்து மணிக்கு வண்டி வாசல்ல நிக்கோணும். எரு நாத்தம் அடிச்சுதுன்னா நான் பொங்கியண்ணன் வண்டியைக் கூப்பிட்டுக்குவேன்."

பொங்கியண்ணனும் மினி லாரி வைத்திருக்கிறான். அவனைப் பற்றி அதற்குமேல் பேச எனக்கு இஷ்டமில்லை.

விடிந்ததும் வண்டியைக் கழுவக் கொண்டுபோய் நிறுத்தினேன். காளியண்ணன் மிஷினைப் போட்டு, தண்ணீர் பீய்ச்சுகிற கன்னை அமுக்கினான். மோட்டார் ஊரைக் கூட்டியது. தண்ணீர் மட்டும் கைக்குழந்தை மூத்திரம் மாதிரி வந்து அவன் கால்மேலேயே விழுந்தது.

சென்னி மெக்கானிக் சாதிக் பாய்க்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தான்.

"நான் வெளியூர்ல இருக்கேன்" என்றார் பாய். "சொல்றதை மட்டும் செய்யுங்க, சொந்த மூளையைப் போடாதீங்க. உள்ளேயிருந்து எது வந்தாலும் தூக்கி எறியாம பத்திரமா வைங்க. முதல்ல தண்ணி வரத்தைப் பாருங்க. மிஷினுக்குப் போற ஓஸைப் பிடுங்கி பக்கெட்ல விட்டு, சீக்கிரம் நிரம்புதான்னு பாருங்க."

பக்கெட் சீக்கிரமே நிரம்பியது. மூவரும் பார்த்தார்கள். வழிந்தது. பார்த்தார்கள். தண்ணீர் என் செருப்புவரை வந்துவிட்டது.

"குழாயை மூடலாமா?" என்றான் சென்னி.

"மூடச் சொல்லலையே" என்றான் காளியண்ணன்.

நான் போய் மூடினேன். மூவரும் என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார்கள்.

அடுத்து பாய், ஃபில்டரைக் கழற்றி, ஃபோர்ஸாகத் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னார். கழற்றினார்கள். கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

"ஃபோர்ஸ் தண்ணிக்கு எங்க போறது?"

"இந்த மிஷின்லதான் வரும்."

"ஃபில்டர் இல்லாம மிஷினை ஓட்டக்கூடாதே."

அது நியாயம்தான் என்று எல்லாருக்கும் பட்டது. ஃபில்டரை மறுபடி மாட்டி மிஷினைப் போட்டார்கள். காளியண்ணன் கன்னைப் பிடித்தபடி, "எங்கடா ஃபில்டரு, காட்டு, அடிக்கிறேன்" என்றான். "உள்ள இருக்குதண்ணா" என்றான் அத்தியப்பன். கழற்றினார்கள். மறுபடி யோசித்தார்கள். நான் பிடுங்கி அந்த பக்கெட்டிலேயே அலசிக் கொடுத்தேன்.

அப்போதும் ஃபோர்ஸ் வரவில்லை.

"உள்ள காத்து அடைச்சிருக்கும்" என்றார் பாய். "கன் முனையில இருக்கிற நாசிலைக் கழட்டிட்டு, கன்னை அமுக்கிப் பிடிச்சபடி மிஷினை ஓட்டுங்க. காத்து வெளிய வந்துரும்."

சென்னி சுவிட்சில் கை வைத்தான். அத்தியப்பன் தடுத்தான்.

"இருண்ணா. உள்ளேயிருந்து எது வந்தாலும் எறியக்கூடாதுன்னாரே. காத்தை மட்டும் விட்டுட்டா எப்படி?"

காளியண்ணன் தம்பியின் முதுகில் தட்டிக் கொடுத்தான். சீட் கவர் வந்த பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கன் வாயில் கட்டினார்கள். புஸ் புஸ்ஸென்று இருமி இருமி பை உப்பியது. கூட வந்த தண்ணீரை, காற்று போய்விடாமல் பதமாக வடித்துவிட்டு, பை வாயில் ரப்பர் பேண்டு போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன்.

நாசிலை மாட்டி அமுக்கினான் காளியண்ணன். தண்ணீர் சாட்டை மாதிரி பாய்ந்தது. பின்கதவில் அப்பியிருந்த எரு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. ஒரு பக்கம் முழுக்க நீலம். என் வண்டி நீலம் என்பதே எனக்கு மறந்திருந்தது. நேரமும் இருந்தது. பாவாயிக்குச் சேதி சொல்லலாம் என்று போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனேன்.

அந்த நேரத்தில் சென்னி பாய்க்கு நல்ல சேதி சொல்லியிருக்கிறான்.

"அவ்வளவுதான். வெளிய எடுத்ததையெல்லாம் ஒண்ணுவிடாம பழையபடி உள்ள வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு பாய் போனை அணைத்துவிட்டார்.

நான் திரும்பி வரும்போது ஓஸைப் பிடுங்கி, மிஷினுக்குத் தண்ணீர் போகிற வாயில் பையைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பை சுருங்கிக்கொண்டே வந்தது. நன்றாக உருவி உருவி, கடைசிவரை உள்ளே அனுப்பினார்கள். பிறகு ஓஸை மாட்டி, கன்னை அமுக்கினார்கள். தண்ணீர் காளியண்ணன் காலில் விழுந்தது.

நான் கத்தினேன். அவர்கள் காதில் ஏறவில்லை. ஆலோசனையில் இருந்தார்கள்.

"எல்லாத்தையும் வெச்சாச்சே."

"ஒண்ணுவிடாமன்னாரு. காத்து கொறையுது."

"பை ஓட்டை இல்லையே. எங்க போயிருக்கும்?"

மூவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

"அண்ணன்தான் பை பக்கத்துல உக்காந்திருந்தாரு."

"மூச்சு விட்டாரா?"

"இழுத்தாரு. பீடியோட சேத்து இழுத்தாரு. நான் பார்த்தேன்."

காளியண்ணன் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, தெரியாம நடந்திருக்கும். உங்களைக் குத்தம் சொல்லலீங்க. ஆனா மிஷினுது கொஞ்சம் உங்ககிட்ட இருக்குதுங்க."

ஓஸை மறுபடி பிடுங்கி வைத்திருந்தார்கள். என்னிடம் இருக்கிற காற்றை உள்ளே வைக்காமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டோம் என்றார்கள். மணி பத்தை நெருங்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் எரு. ஊரில் வேறு வாட்டர் சர்வீஸ் கிடையாது. நான் மண்டி போட்டு, மிஷின் வாயில் வாய் வைத்து ஊதினேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பாவாயியாகத்தான் இருக்கும். எடுக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பைபாஸில் ஆரன் அடித்துக்கொண்டு ஒரு மினி லாரி போனது. மேலே பீரோ, கட்டில், மாலை போட்ட கிரைண்டர். ஓட்டிக்கொண்டு போனவன் வேகத்தைக் குறைத்து, என்னை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனான். அவன் மேல் இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஊதினேன்.

அத்தியப்பன் என் தோளைத் தொட்டான்.

"போதுமுங்கண்ணா, நிறுத்துங்க. மிஷினுது போக உங்களுதும் கொஞ்சம் உள்ள போயிருச்சு. பையைக் கொண்டாரேன், பிடிச்சுக் குடுத்தர்றோம்."