குளவிக்கூடு திறந்த நாள்

தண்டபாணிக்கு எதையும் கோகிலவாணி அக்காவிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும்.

பின்னத்தை முதலில் சொல்லிக் கொடுப்பதா, தசமத்தையா? அக்காவுக்குப் போன். பிள்ளை மத்தியானம் தூங்கலாமா? அக்காவுக்குப் போன். ஒருநாள் அக்கா தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "நாளைக்கு எதுலருந்து ஆரம்பிக்கலாங்க்கா?" என்று கேட்டார்.

"குளிச்சிட்டு ஆரம்பி தம்பி" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து தண்டபாணி வீட்டில் குளிக்காமல் பாடம் கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன்!

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சத்தியமங்கலத்தில், வீட்டிலேயே வைத்துப் படிப்பிப்பது என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாத காலத்தில், கோகிலவாணி தன் மூன்று பிள்ளைகளையும் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடாமல் வளர்த்தவர். ஊரே வாய்க்கு வந்ததைப் பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் மூவரும் இப்போது ஆளுக்கொரு ஊரில் நன்றாக இருக்கிறார்கள்.

தண்டபாணிக்கு ஒரே மகள், ஒன்பது வயது. இளவெயினி என்று தேடிப் பிடித்துப் பெயர் வைத்தவர், அவளை வீட்டிலேயே படிப்பிக்க மில் வேலையையும் விட்டார். மனைவி சுகந்தி தபால் ஆபீஸ் சம்பளத்தில் வீட்டை ஓட்டினாள்.

மாசி மாதம் ஒரு காலை, தண்டபாணி போன் செய்யாமல் நேரிலேயே வந்து நின்றார். முகம் செத்துக் கிடந்தது.

"வெயினி பேசமாட்டேங்கறாங்க்கா."

"காய்ச்சலா?"

"இல்லீங்க்கா. நல்லாத்தான் சாப்பிடறா. குடுத்த கணக்கைப் போடறா. ஆனா ஒரு கேள்வி வாயிலருந்து வரமாட்டேங்குது. முன்னெல்லாம் நிலா எதுக்கு நம்ம கூடயே வருதுன்னு ஆரம்பிச்சா தூங்கற வரைக்கும் கேட்டுக் கொன்னெடுப்பா. இப்ப நானாப் போயி என்ன சாமி பாக்கறேன்னு கேட்டா, ஒண்ணுமில்லப்பாங்கறா. அவ்வளவுதான்."

"சுகந்தி என்ன சொல்றா?"

"ஜூன்ல பள்ளிக்கூடத்துல சேர்த்திரலாம்ங்கறா. உங்க மூஞ்சியவே பாத்துப் பாத்து புள்ள ஊமையாயிட்டா, அங்கயாவது நாலு பேருகூடப் பேசட்டும்ங்கறா. சேர்த்தா சேர்த்தட்டும்ங்க்கா. எங்கிட்டப் பேசாம இருக்கறாளே, அதத்தான் தாங்க முடியல. நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

அக்கா உள்ளே போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். துக்கத்திலும் தண்டபாணி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்:

"காபி அருமையா இருக்குதுங்க்கா."

"அப்படியா!" அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "எதனால அருமையா இருக்குது?"

"சிக்கரி சேர்த்திருக்கறீங்களோ?"

"நல்ல பதில். சிக்கரிங்கறது வேரா, விதையா?"

"வேருங்க்கா."

"காபிக்கொட்டை எந்தெந்த மலையில விளையுது? நம்ம பவானி ஓரத்துல ஏன் விளையறதில்ல?"

தண்டபாணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா பாடம் நடத்துவதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. உயரம் என்றார், மழை என்றார், மண் என்றார். சொல்லி முடிப்பதற்குள் காபியில் ஆடை படிந்துவிட்டது. அதைப் பார்த்து அவர் முகம் சுளித்ததுதான் தாமதம்.

"ஆடை ஏன் படியுது?" என்றார் அக்கா.

தண்டபாணி ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் முழுங்கினார். வெளியே பார்த்து, "வெயில் இப்பவே சுள்ளுங்குதுங்க்கா" என்றார். சூரியன் எந்த மாதம் எந்தப் பக்கம் சாயும் என்று அக்கா ஆரம்பித்தார். நிழலை அளக்க ஒரு குச்சியையும் கையில் கொடுத்து முற்றத்தில் நிறுத்தினார். கொய்யா மரத்தில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. "அட, மைனா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்கா விடவில்லை. மைனாவின் மூக்கு, கால், முட்டையின் நிறம் எல்லாம் வந்தன.

மத்தியானம் இலை போட்டார் அக்கா. ரசம் வாசனை தூக்கியது. தண்டபாணி சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தார். அப்படி ஒரு ரசம். வாய் திறக்கப் போனது. மூடிக்கொண்டார்.

"ரசம் எப்படி தம்பி?"

"ம்."

"என்ன, ம்? உப்புக் காரம் சரியா இருக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. பிசைந்த கை இலையிலேயே நின்றது.

தோசையில் எதற்கு இத்தனை ஓட்டை என்று மகள் கேட்டது ஞாபகம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்து, மாவு புளிக்கிற கதையெல்லாம் சொல்லி, படமும் வரையவைத்தார். அன்றைக்குத் தோசையை இருவரும் சில்லிட்டுப் போன பிறகுதான் தின்றார்கள். "அப்பா, மழை!" என்று அவள் கத்திக்கொண்டு வந்த நாளும் ஞாபகம் வந்தது. மழையை அளக்க பாட்டிலை வெட்டு, கோடு போடு என்று உட்கார வைத்தார். வேலை முடிந்து வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது.

"அக்கா..." என்றார்.

"சாப்பிடு. சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போ."

அக்காவின் அடுத்த வீடு தையல்கார ரோஸ்லினுடையது. நடுவில் ஒரு ஆள் உயரச் சுவர். வெயினி தினமும் சாயங்காலம் துண்டுத் துணி பொறுக்க அங்கே போவாள், அது தண்டபாணிக்கும் தெரியும். வெயில் தாழ்ந்த நேரம் அக்கா அவரைக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போய், சுவரோரம் இருந்த துவைக்கிற கல்லைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து வெயினியின் குரலும்.

"அத்தை, இன்னைக்கும் குளவி புழு கொண்டாந்துச்சா?"

"வந்துச்சு கண்ணு. பச்சைப் புழு. கூட்டுக்குள்ள திணிச்சுப்போட்டு மண்ணு வச்சு மூடிருச்சு. பூசு வேலைக்காரங்க கெட்டாங்க போ."

"புழுவ எதுக்கு உள்ள வைக்குது?"

"யாருக்குத் தெரியும்? அந்தப் புழுவேதான் குளவியா மாறி வரும்னு எங்க ஊர்ப் பக்கம் சொல்லுவாங்க."

"அதெப்படி அத்தை? பச்சைப் புழு பட்டாம்பூச்சியால்ல ஆகோணும்? அதுக்குக் கொடுக்கு எங்கருந்து வரும்?"

"அட ஆமா! நான் இத யோசிக்கவே இல்லயே."

"ஒருவேளை... உள்ள முன்னாடியே யாராவது இருக்கறாங்களோ? புழு அவங்களுக்குச் சாப்பாடோ?"

தண்டபாணிக்கு உடம்பு புல்லரித்தது. சரியாகப் பிடித்துவிட்டாள்! உள்ளே முட்டை இருக்கிறது, அது பொரிந்து... துவைக்கிற கல்மேல் ஒரு காலை வைத்து எம்பினார். அக்கா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்து விழுந்தது.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. ரோஸ்லின் சொன்னாள்: "உங்கப்பாவக் கேளு கண்ணு. அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

"அய்யோ வேண்டாம் அத்தை! அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. சொன்னா இதுவும் பாடமாயிரும்."

தண்டபாணி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சத்தம் கேட்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அக்கா கீழே கிடந்த பொத்தானை எடுத்துத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

தண்டபாணி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டார்: "நான் இப்ப என்ன பண்ணட்டுங்க்கா?"

"வீட்டுக்குப் போயி தோசை சுடு. சூடா இருக்கறப்பவே ரெண்டு பேரும் தின்னுங்க."

அன்று ராத்திரி தோசை சுட்டார். வெயினி தோசையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். பிறகு திருட்டுத்தனமாக அப்பாவைப் பார்த்தாள். தண்டபாணி இன்னொரு தோசையை எடுத்துத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்து அவளைப் பார்த்தார். அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து! ஆனால் பேச்சு வரவில்லை.

பங்குனியில் நினைத்துப் பார்க்காத ஒரு மழை பெய்தது. அவள் முற்றத்தில் போய் நின்றாள். அவரும் போய் நின்றார். நனைந்தார்கள். சுகந்தி வந்து இருவரையும் பேயே பிசாசே என்று திட்டித் தலை துவட்டிவிட்டாள். அப்போதும் வெயினி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் பூண்டு உரித்தாலும் சைக்கிள் துடைத்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். தண்டபாணி வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார். அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத்தான் தெரியும். பேச்சு நாக்கு நுனி வரை வந்து நிற்கும், முழுங்குவார். சுகந்தியோ பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு வந்துவிட்டாள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை, ரோஸ்லின் வீட்டுக்கு ஊசி கொடுக்கப் போன வெயினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா! அப்பா! ரோஸ்லின் அத்தை வீட்டுச் சுவத்துல ஒரு குளவிக்கூடு இருக்குதுப்பா! உங்களுக்குத் தெரியாது. அதுக்குள்ளருந்து யாரோ கரண்டறாங்க! மண்ணு உதிருது! வெளிய வரப் போறாங்கப்பா. நீங்களும் வாங்க!"

சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். தண்டபாணிக்குக் கால் தரையில் பாவவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் அவளோடு ஓடினார். தெரு திரும்பினார்கள், அக்கா வீட்டைத் தாண்டினார்கள், ரோஸ்லின் வீட்டு கேட் வந்தது.

கேட்டில் கை வைத்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. உள்ளே போனால் இந்த வாய் சும்மா இருக்குமா? குளவிக்கு எத்தனை கால் என்று கேட்டுத் தொலைத்துவிட்டால்? இத்தனை நாள் கழித்துத் திறந்த வாய் மறுபடி மூடிக்கொண்டால்?

"நீ போ சாமி. அப்பா இதா வந்துட்டேன்."

அவள் கையை விட்டார். திரும்பி நேரே அக்கா வீட்டுக்குள் நுழைந்தார்.

அக்கா அப்போதுதான் காபி டம்ளரை வாயருகே கொண்டு போயிருந்தார்.

"அக்கா, கூப்பிட்டுட்டா! அவளாவே வந்து கூப்பிட்டுட்டா!"

"யாரு?"

"வெயினிங்க்கா! குளவிக்கூடு திறக்குதாம். நான் எப்படிங்க்கா இருக்கோணும்? பேசலாமா, கூடாதா? அவ ஏதாச்சும் கேட்டா பதில் சொல்லலாமா? தெரிஞ்சத தெரியலைன்னு சொன்னா அது பொய்யில்லீங்களா? சொல்லுங்க்கா, சீக்கிரம்!"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"புள்ள இப்ப எங்க இருக்கறா?"

"பக்கத்துலதாங்க்கா. சுவத்துக்கு அந்தப் பக்கம்."

"எப்படிக் கூப்பிட்டா?"

"கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க்கா."

"நீ அந்தக் கைய விட்டுட்டு இங்க வந்தியா?"

தண்டபாணி தன் கையைப் பார்த்தார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அப்பா! தலை தெரியுது! எங்க போயிட்டீங்க?"

அவர் அப்போதும் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போ தம்பி" என்றார் அக்கா. "நீ இங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள குளவி வெளிய வந்துரும். புள்ள மறுபடி உள்ள போயிருவா."