கிளமென்டின் தனி ஆல்பம்

"இது என் குரல் இல்லை, டீச்சர்."

கிளமென்ட் போனை மேசைமேல் வைத்தான். அவனுடைய முதல் தனி ஆல்பம் அதில் இருந்தது. ஒன்பது பாட்டு.

நசீமா அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். அவனைவிட ஏழு வயது இளையவள். அங்கே வரும் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

பதினாறு வருடம் கிளமென்ட் 'இடிமேகம்' என்ற ராக் குழுவில் பாடியவன். பாட்டின் உச்சத்தில் அவன் ஒரு கத்து கத்தினால் மைதானமே எழுந்து நிற்கும்.

பிறகு தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் நடந்தது. குழு வேறு பாடகனைச் சேர்த்துக்கொண்டது.

பதினைந்து நாள் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். பதினாறாம் நாள் அவனுக்கு 'அ' சொல்லிக்கொடுத்தவள் நசீமா.

அவள் போனை எடுத்துக் காதருகே வைத்தாள். ஒரு பாட்டை முழுவதும் கேட்டாள்.

"நல்லா இருக்கே."

"நல்லா இருக்கலாம். அதுல நான் இல்லையே. அந்தக் கத்தல் இப்போ வரவே வராது. கீழேயே நின்னு, கரகரன்னு... கேக்குறவன் யாரோ புது ஆளுன்னு நினைப்பான்."

"அதுக்கு?"

"ஆல்பத்தை வெளியிடுற கம்பெனிக்காரங்க என் வார்த்தைக்குத்தான் காத்திருக்காங்க. வேணாம்னு சொல்லிடப்போறேன்."

"யாருக்காவது போட்டுக் காட்டினீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"பயமா இருக்கு, டீச்சர்."

நசீமா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இப்போ ஒருத்தர் வருவார். அவர் சரின்னு சொன்னா நீங்களும் கூட உட்காருங்க."

வந்தவர் பெயர் சடையப்பன். சங்ககிரி பக்கம் லாரி ஓட்டியவர். புற்றுநோய் வந்து குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கூடவே மனைவி வந்திருந்தாள்.

நசீமா கிளமென்டைக் காட்டிக் கேட்டாள். அவர் தாராளமாகத் தலையாட்டினார்.

மனைவி மூலையிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பையை வைத்து எதையோ துழாவ ஆரம்பித்தாள்.

"காத்தை முழுங்குங்க ஐயா. ஏப்பம் விடுற மாதிரி மேலே தள்ளுங்க. அப்படியே வார்த்தையைப் பிடிங்க."

முழுங்கினார். தள்ளினார். உதடு மட்டும் அசைந்தது.

மறுபடியும்.

மறுபடியும்.

நெற்றி வியர்த்தது. கிளமென்ட் தன்னை அறியாமல் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டான்.

"நாலு மாசமா வர்றார்," என்றாள் நசீமா மெதுவாக. "இன்னும் ஒரு சொல்கூட வரலை."

சடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை முழுங்கினார்.

"பட்...டு."

துருப்பிடித்த கீல் திறப்பதுபோல ஒரு சத்தம். மனிதக் குரல் என்றே சொல்ல முடியாது.

"இருங்க, மருந்துச் சீட்டத் தேடறனில்லீங்க," என்றாள் மூலையில் இருந்த பட்டு, தலையைத் தூக்காமல்.

பிறகு அவள் கை பைக்குள்ளேயே நின்றுபோனது.

அவள் எழுந்து வந்தாள். கணவரின் பக்கத்தில் நின்று, அவர் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்தபின்னும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கிளமென்டால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா, நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலை. அந்தச் சத்தத்தை நீங்க முன்னே பின்னே கேட்டதும் இல்லை. அவர்தான்னு எப்படித் தெரிஞ்சது?"

அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"அவரு கூப்புட்டது எனக்குத் தெரியாதுங்களா, தம்பி?"

கிளமென்ட் வராந்தாவுக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"ஒன்பது பாட்டும் வரட்டும்," என்றான்.