நத்தை குடியிருந்த மனை

முன்னொரு காலத்திலே, நிலத்தை வெயிலில் மட்டுமே பார்த்து ஆசைப்படும் ராஜா ஒருவர் இருந்தார். இன்றைக்கு நிலம் வாங்கிப் போட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் பொன்னாகும் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். உடனே பொக்கிஷக்காரர் மருதவாணர், ஊருக்குக் கிழக்கே தன் மைத்துனனுக்குச் சொந்தமாக இருந்த ஐம்பது காணிப் பொட்டலுக்கு ராஜாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். சித்திரை வெயிலில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

கூட வந்த அரண்மனை விகடக்காரன் ஆவுடையப்பன் குனிந்து ஒரு நத்தை ஓட்டைப் பொறுக்கினான். அடிக்கு ஒன்று கிடந்தது.

"மன்னா, நமக்கு முன்னால் இவர்கள் குடியிருந்திருக்கிறார்கள். ஒரு மழை பார்த்துவிட்டு வாங்கலாமே."

மருதவாணருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அரசே, தாங்கள் ஆசைப்பட்ட மண்ணை இவன் பழிக்கிறான்! இவனையே இங்கே ஒரு மனையில் குடிவையுங்கள். ஐப்பசி முடியும்வரை எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. மண்ணைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீறினால் அரண்மனை வேலை போகட்டும்!"

"அப்படியே ஆகட்டும். மழை முடிந்ததும் மொத்தத்தையும் வாங்குகிறேன்" என்றார் ராஜா.

சிரிக்கவைப்பதைத் தவிர ஆவுடையப்பனுக்கு வேறு தொழில் தெரியாது. மழைக்கு முன்பே அந்தப் பொட்டலில் குடிசை போட்டான்.

"ஏங்க, குடிபோறவங்க பால் பானை வாங்குவாங்க. நீங்க என்னடான்னா பரிசல் வாங்கிட்டு வர்றீங்க?" என்றாள் மனைவி பிச்சம்மை.

"உனக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அதான்."

ஐப்பசியில் நாலு நாள் விடாத அடைமழை. ஐந்தாம் நாள் ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மருதவாணரையும் ஏற்றிக்கொண்டு யானைமேல் வந்தார். யானை பாதியிலேயே நின்றுவிட்டது. எதிரே கடல் மாதிரி தண்ணீர். நடுவில் ஒரு பரிசல், அதில் ஓலைக்குடை, குடைக்குக் கீழே புருஷனும் பெண்டாட்டியும்.

"அடே ஆவுடையப்பா! கரைக்கு வந்து தொலையக் கூடாதா?" என்று ராஜா பதறினார்.

"எல்லையைத் தாண்டக் கூடாது என்பது உத்தரவு, மன்னா. காற்று தள்ளிவிடாதபடி நாலு எல்லைக்கல்லிலும் கயிறு கட்டியிருக்கிறேன்."

"வீடு எங்கே?"

"அடியில் பத்திரமாக இருக்கிறது."

"மண்... மண் எப்படி?" என்று மருதவாணர் இழுத்தார்.

"குறையே சொல்ல மாட்டேன், ஐயா. விரால் கொழுத்துக் கிடக்கிறது. குழம்பு வைக்க அடுப்புக்குத்தான் இடம் இல்லை."

ராஜா சிரித்த சிரிப்பில் யானையே குலுங்கியது. "மருதவாணரே, உம் மைத்துனனுக்கு ஒரு வலை வாங்கிக் கொடும். அந்த நிலம் எனக்கு வேண்டாம்" என்றவர், பரிசலைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வா அப்பா, வெளியே வா. எந்த இடம் வேண்டுமோ கேள்."

ஆவுடையப்பன் மேற்கே கை நீட்டினான். "நாலு நாளாகப் பார்க்கிறேன். ஊர் மாடெல்லாம் மழையில் அந்த மேட்டுத் திட்டில்தான் போய்ப் படுக்கின்றன. அங்கே ஒரு மனை போதும், மன்னா."

"கொடுத்தேன்! பால் காய்ச்சும்போது என்னைக் கூப்பிடுவாயா?"

பிச்சம்மை முந்திக்கொண்டாள். "வாங்க மகாராசா. இந்தத் தடவை யானை வேணாம், நடந்தே வரலாம்."