சுடலையின் காதில் சொன்னது

"நான் எங்கேதான் தப்பு பண்றேன், மாஸ்டர்?"

நடிகன் இளம்பரிதி வாளைக் கோட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டான். ராஜா வேஷத்தின் ஜிகினா கழுத்தில் அரித்தது.

ரெஜினா பாறைமேல் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். படத்தின் சண்டைகளை அமைப்பவள். வயதில் அவனைவிட வெகு இளையவள். ஆனால் கையில் வாள் இருக்கும்வரை அவள் குரு, அவன் சீடன்.

"அடியெல்லாம் சரியாத்தான் வருது, சார்."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுறீங்க?"

"எதிர்ல நிக்கிற சுடலை வெட்ட வர்றதுக்கு முன்னாடியே உங்க வாள் அங்க போய் நிக்குது. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி."

அவனுக்குப் பின்னால், சாப்பாட்டு வண்டிப் பக்கம் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தான். எல்லா முகமும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

போன படத்தில் அவன் வாள் வீசியதைப் பார்த்து, தோசை திருப்புகிறான் என்று ஊரே படம் போட்டுக் கேலி செய்தது. அந்தக் கேலிப் படத்தை அவனுக்கு அனுப்பிவைத்ததே அவன் மகள்தான்.

இயக்குநர் காலையிலேயே சொல்லிவிட்டார். வெயில் இறங்குவதற்குள் சண்டை சரியாக வரவில்லையென்றால் டூப் போட்டு எடுத்துக்கொள்வார்களாம். முகத்தை மட்டும் அப்புறம் ஒட்டிக்கொள்ளலாமாம்.

மலைமேல் வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. அவனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஜனங்க மறக்காத ஒரு வாள் சண்டை. அதான் கேக்குறேன். அது எப்படி வரும்?"

"நீங்க மறக்காதது ஏதாவது இருக்கா, சார்?"

யோசித்தான்.

"ஒண்ணு இருக்கு. படம் பேரே மறந்துபோச்சு. ஹீரோ வாள் சண்டை போட்டுக்கிட்டே படிக்கட்டுல பின்பக்கமா ஏறிக்கிட்டுப் போவான். தியேட்டர்ல பக்கத்து சீட்டுல எங்கப்பா, பீடியைக் கையிலயே எரிய விட்டுட்டாரு. விரலைச் சுட்டுடுச்சு."

"யார் ஜெயிச்சாங்க?"

"ஹீரோதான். வேற யாரு?"

"அது உங்கப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? மூணாவது தடவையா அதே படத்தைப் பாக்குறாரு."

ரெஜினா எழுந்தாள். பதில் வரும் என்று அவன் காத்திருந்தான்.

அவள் சுடலையிடம் போனாள்.

சுடலைதான் எதிரி. கடைசியில் இளம்பரிதியின் வாள் பட்டுச் சாக வேண்டியவன். கவசத்தோடு சுவர் நிழலில் சாய்ந்திருந்தான்.

ரெஜினா குனிந்து அவன் காதில் ஏதோ கேட்டாள்.

சுடலை, இளம்பரிதி நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மெல்ல, முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினான்.

அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள்.

இம்முறை சுடலை சரி என்று தலையசைத்தான். எழுந்தான். இடுப்பு வாரை இறுக்கிக் கட்டினான்.

இளம்பரிதி அவசரமாக அவளிடம் வந்தான்.

"மாஸ்டர், அவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

"வாளை எடுங்க, சார். வெளிச்சம் போகுது."

"எந்த அடியையாவது மாத்திட்டீங்களா? சொல்லிடுங்க. கூர் இல்லேன்னாலும் இரும்பு, மாஸ்டர்!"

அவள் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஆக்‌ஷன்!"

அடிகளை உதட்டுக்குள் எண்ணுவது அவன் வழக்கம். ஒன்று எண்ணினான். இரண்டு வரவில்லை. சுடலையின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பும்? அதற்குமேல் எண்ணிக்கை இல்லை, கேமரா இல்லை, மகள் இல்லை. எதிரே இருந்தவனின் கண்ணும் தோளும் காலும் மட்டும்.

வெட்டு வந்தது. கடைசிக் கணத்தில் தடுத்தான். இன்னொன்று வந்தது. கால் பின்வாங்கியது. முதுகு சுவரில் முட்டியது. அடுத்தது கழுத்துக்கு நேராக வந்தது. எப்படித் தடுத்தான் என்று அவனுக்கே தெரியாது.

அடுத்த கணம் அவன் வாள் பாய்ந்தது. சுடலை சரிந்து விழுந்தான்.

இயக்குநர் 'கட்' சொல்லவில்லை.

செத்துக் கிடந்த சுடலை ஒரு கண்ணைத் திறந்தான். "எந்திரிக்கலாமா, மாஸ்டர்?"

அப்புறம்தான் கைதட்டல். டூப்புக்காக வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தவனும் எழுந்து நின்று தட்டினான்.

இளம்பரிதிக்கு அது காதில் விழவில்லை. வாளைப் போட்டுவிட்டு நேரே ரெஜினாவிடம் வந்தான்.

"ஒரு அடியும் மாறலையே?"

"மாறலை, சார்."

"அப்ப அவன் காதுல என்னதான் சொன்னீங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டேன். இல்லைன்னான். இது முடிஞ்சதும் போய்ச் சாப்பிடுன்னேன். சரின்னான்."

"பொய் சொல்லாதீங்க. என்னைப் பார்த்தானே?"

"உங்களுக்குப் பின்னாடி சாப்பாட்டு வண்டி நின்னுச்சு, சார்."